எச்சரிக்கை: டிராயிங்கை வாங்கி வைத்துக்கொண்டு மாடலை மட்டும் பார்த்து வெட்டித் தருகிறார்கள்

கணினியில் வரைந்த முப்பரிமாண கேட் (CAD) மாடலை ஏற்றியதும் விலை சொல்லி, கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் வெட்டி அனுப்பும் இணையச் சேவை ஒன்றிடம் 48,000 இழந்து நிற்கிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வகைச் சேவைகளை நாடும் எவரும் ஆர்டர் போடுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே, கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

நான் கேட்டது 20 அலுமினிய பேரிங் ஹவுசிங்குகள், அதாவது பேரிங்கைப் பிடித்து வைக்கும் கூடுகள். ஒவ்வொன்றிலும் 6202 பேரிங் உட்காரும் துளைகள் இரண்டு. அந்த பேரிங்கின் வெளிவிட்டம் 35 மிமீ. மாடலில் அந்தத் துளை வெறும் 35 என்றுதான் இருக்கும். எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதை, அதாவது டாலரன்ஸை, வடிவம் மட்டும் சொல்லாது. அதற்காகத்தான் தனியே டிராயிங் தயாரித்து, துளைக்கு எச்7, அதாவது 35.000 முதல் 35.025 வரை என்றும், இரண்டு துளைகளும் ஒரே அச்சில் அமைய 0.02 கோஆக்ஸியாலிட்டி என்றும், நான்கு துளைகளில் எம்6 (6 மிமீ திருகுக்கான) மரை என்றும், குறிப்பிடாத மற்ற அளவுகளுக்குப் பொது டாலரன்ஸ் தரமான ஐஎஸ்ஓ 2768-இன் நடுத்தர வகை போதும் என்றும் தெளிவாக எழுதியிருந்தேன். முக்கியமான அளவு ஒவ்வொன்றையும் வட்டமிட்டு எண்ணும் கொடுத்திருந்தேன்.

ஏற்றும் பக்கத்தில் டிராயிங்குக்கு என்று தனி இடம் இருந்தது. அதை இணைத்தவுடன் ‘நெருக்கமான டாலரன்ஸ்’ என்ற பெயரில் விலை ஏறியது; நியாயம்தான், கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம். ஆனாலும் பணம் கட்டுவதற்கு முன், மாடலும் டிராயிங்கும் வேறுபட்டால் எதை எடுத்துக்கொள்வீர்கள் என்று உதவி அரட்டையில் கேட்டேன். “டிராயிங்தான் செல்லும். வட்டமிட்ட அளவுகளை வெட்டுவதற்கு முன்பே எங்கள் பொறியாளர் தனியாகப் பார்த்துவிடுவார், கவலை வேண்டாம்” என்று பதில் வந்தது. சரியான கேள்விக்குச் சரியான பதில். வேலை தெரிந்தவர்களிடம் வந்திருக்கிறோம் என்ற நிம்மதியோடு 48,000 முழுவதையும் முன்கூட்டியே செலுத்தினேன்.

பெட்டியைப் பிரித்து, முதல் ஹவுசிங்கின் துளை மேல் பேரிங்கை வைத்தேன். அழுத்தவே இல்லை, தன் எடையிலேயே உள்ளே இறங்கிவிட்டது, விரலால் தொட்டால் இப்படியும் அப்படியும் ஆடியது. துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வைத்துப் பார்த்தால் 35.11, அடுத்ததில் 35.14. இருபதில் ஒன்றுகூட எச்7-க்குப் பக்கத்தில் இல்லை. அதைவிடக் கொடுமை, எம்6 மரை இருக்க வேண்டிய இடங்களில் 5 மிமீ வெற்றுத் துளைகள். எம்6 மரைக்கு முதலில் போடும் துளை 5 மிமீ. மாடலில் அந்தத் துளை மட்டுமே இருந்தது, மரை டிராயிங்கில் இருந்தது. டிராயிங்கை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

உடன் வந்த ஆய்வறிக்கையைப் பார்த்தபோது கோபம் இரட்டிப்பானது. எதனோடும் பொருந்தத் தேவையில்லாத வெளி நீளத்தை மூன்று தசமம் வரை அளந்து எழுதியிருந்தார்கள். பேரிங் துளைக்கு நேரே ‘35.12, ஏற்பு’. கோஆக்ஸியாலிட்டிக்கு ஒரு வரிகூட இல்லை. 35 மிமீ அளவுக்கு ஐஎஸ்ஓ 2768 நடுத்தர வகை கூட்டியும் குறைத்தும் 0.3 வரை இடம் தருகிறது. எச்7 தருவது 0.025 மட்டுமே, அதுவும் கூடுதல் பக்கத்தில் மட்டும். எச்7-க்குப் பணம் வாங்கிக்கொண்டு பொது டாலரன்ஸில் ‘ஏற்பு’ என்று முத்திரை குத்துவதை ஏமாற்று என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

புகார் அனுப்பினேன். முதலில் “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று தானியங்கிப் பதில். பிறகு, உதிரிகள் மாடலோடு முழுமையாகப் பொருந்துகின்றன என்று அவர்களுடைய பொறியியல் குழுவின் பதில். மாடலோடு பொருந்தவில்லை என்று யார் சொன்னது? டிராயிங்தான் செல்லும் என்ற அவர்களுடைய அரட்டைப் பதிலைப் படம் பிடித்து அனுப்பினேன். அரட்டையில் சொல்வது ஒப்பந்தம் ஆகாது, மாடலே மூல ஆவணம், டிராயிங் வெறும் துணை ஆவணம் என்று கைவிரித்தார்கள். அப்படியானால் ‘நெருக்கமான டாலரன்ஸ்’ என்று வாங்கிய பணம் எதற்கு என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. கடைசியில், புகார் செய்யும் கெடு முடிந்துவிட்டது என்று கோப்பை மூடிவிட்டார்கள். அவர்கள் பதில் சொல்லாமல் இழுத்தடித்த நாள்களும் அந்தக் கெடுவிலேயே சேர்ந்துவிட்டன. ஆறுதலாக, அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்று! 48,000 பறிபோனவனுக்கு அடுத்த ஆர்டராம்.

மரையை நானே போட்டுக்கொள்ளலாம். பெரிதாகிப்போன துளையை என்ன செய்வது? இன்னும் பெரிதாக்கி புஷ் (உள்ளே பொருத்தும் வளையம்) இறக்கலாம் என்றால், சுற்றுச்சுவரின் தடிமன் 4 மிமீதான், அதற்கு இடமில்லை. இருபதும் பழைய அலுமினியக் கணக்கில்தான் போகும்.

மாடலிலிருந்து அளவுகளை ஆவணப்படுத்தும் முறையைப் பற்றி விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போதைய மனநிலையில் இவ்வளவுதான் முடிகிறது. மாடலா டிராயிங்கா, எது செல்லும் என்பதை அரட்டையில் கேட்காதீர்கள். ஆர்டர் உறுதிப்படிவத்திலேயே எழுதி வாங்குங்கள். டாலரன்ஸையும் மாடலுக்குள்ளேயே வைத்து அனுப்ப ஸ்டெப் ஏபி242 என்ற கோப்பு வகை இருக்கிறது, ஆனால் எதிர்முனையில் அதைப் படிக்கும் மென்பொருள் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் வடிவம் மட்டுமே போய்ச் சேரும். வட்டமிட்ட எண் ஒவ்வொன்றுக்கும் அளந்த மதிப்பும், எந்த எல்லையோடு ஒப்பிட்டார்கள் என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். முதல் உதிரியின் அறிக்கையைப் பார்க்காமல் மீதியை வெட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள், முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்.