பச்சை மூடிப் போத்தல்: நோய்க்கு வாங்கலாம், புழுவுக்கு வேண்டாம்

சுங்கை சிப்புட் பசாருக்குப் பக்கத்து உரக்கடையில் இப்போது எல்லாரும் கேட்டு வாங்குவது பச்சை மூடி போட்ட இந்தச் செடி மருந்துப் போத்தலைத்தான். அரை லிட்டர் 28 வெள்ளி. முன்பக்கத்தில் ‘எல்லாப் பூச்சியும் ஓடும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கடைப் பையனும், “அங்கிள், புழு, வெள்ளை ஈ எல்லாத்துக்கும் இதுதான்” என்றான். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் சாலிசிலிக் அமிலம் என்று இருப்பதை அவன் பார்த்த மாதிரி தெரியவில்லை. எத்தனை சதவீதம் என்பதும் போடவில்லை.

செம்பனை நர்சரியில் மண்டோராக இருந்த எனக்கு, இது புழுவுக்கு ஆகாது என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு வரி போதும். இலையைப் புழு கடித்தால் செடிக்குள் ஜாஸ்மோனிக் அமிலம் ஊறும். அதைத் தொடர்ந்து, புழுவின் குடலில் புரதம் செரிக்காமல் தடுக்கும் பொருளைச் செடியே தயாரிக்கும். 1990-இல் அமெரிக்காவில் ஃபார்மர், ரையன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தக்காளிச் செடிக்கு, அந்த அமிலத்தின் இன்னொரு வடிவமான மெத்தில் ஜாஸ்மோனேட்டின் ஆவியைக் காட்டினார்கள். நம் மல்லிகை வாசனையில் இருக்கிற அதே பொருள். ஒரு புழுகூடக் கடிக்காமலே இலையில் அந்தத் தடுப்புப் பொருள் சேர்ந்துவிட்டது.

சாலிசிலிக் அமிலமும் செடிக்குள் ஊறுவதுதான், ஆனால் அது வேறு கட்சி. உயிருள்ள திசுவில் ஒட்டி வாழும் பூஞ்சை, வைரஸ் போன்றவற்றை எதிர்க்கத்தான் அது. பல செடிகளில் இது ஓங்கினால் ஜாஸ்மோனிக் அடங்கிவிடும். வெள்ளை ஈ இருக்கிறதே, கெட்டிக்காரப் பூச்சி! சாறு உறிஞ்சும்போதே சாலிசிலிக்கைக் கிளப்பிவிட்டு, தனக்கு ஆகாத ஜாஸ்மோனிக்கை அமுக்கி வைக்கும். அப்படிப்பட்ட பூச்சிக்கு இதையே மருந்து என்று விற்கிறார்கள்.

என் வீட்டில் வெள்ளரிக்கு அடித்ததில் பலன் தெரிந்தது. பூஞ்சையால் வரும் சாம்பல் நோய் பிடித்த பழைய இலை அப்படியேதான் இருந்தது. அப்புறம் வந்த தளிரில் வெள்ளைப் பொடி வெகுவாகக் குறைந்தது. கத்தரியில் ஒன்றும் நடக்கவில்லை. கிளையைத் தட்டினால் வெள்ளை ஈ எப்போதும்போலக் குபீரென்று எழும்பி, திரும்ப இலைக்கு அடியிலேயே போய் ஒட்டிக்கொண்டது. அளவை மீறியும் ஊற்றாதீர்கள், அடுத்த வீட்டு அக்காவின் மிளகாயில் இலையோரம் கருகிப்போனது.

புழுத் தொல்லை என்றால் பி.டி. தூள் கேளுங்கள், புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவிலிருந்து செய்தது. குட்டிப் புழுவாக இருக்கும்போதே, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். அதே கடையில் கீழ்த்தட்டில் இருக்கிறது, விலையும் இதைவிடக் குறைவு.