'ஆங்கர்' என்ற சொல்லும் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியும்

1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு எவ்வளவு அருமையானது என்பதை உணர, முதல் தொகுதியிலுள்ள, கோபத்தைக் குறிக்கும் 'ஆங்கர்' (anger) என்ற ஒரு சொல்லைப் புரட்டிப் பார்த்தாலே போதும். ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியான பழைய நார்ஸில் துயரத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்த இது, ஆங்கிலத்திலும் முதலில் துன்பம், தொல்லை என்றே வழங்கி, பிறகுதான் சினமாக மாறியது என்பதைக் காலவரிசையில் அடுக்கப்பட்ட மேற்கோள்கள் படிப்படியாகக் காட்டுகின்றன. நெருக்கத்தையும் இறுக்கத்தையும் குறித்த மூலவேரிலிருந்து கிளைத்த 'ஆங்க்விஷ்' (anguish, கடும் வேதனை) என்ற சொல்லும் இதற்கு உறவுதான். கோபத்தில் தொண்டை அடைத்துக்கொள்வதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. சிவந்து கன்றிய புண்ணை ஆங்கிலத்தில் 'ஆங்ரி' என்று சொல்வதில் அந்தப் பழைய வேதனை இன்றும் உயிரோடிருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆள்மீது கோபம் என்றால் 'வித்', நடந்ததைப் பற்றி என்றால் 'அபௌட்' என்பன போன்ற அன்றாட ஐயங்களுக்கு மட்டும் மாணவர் அகராதியே எளிது.