36 அங்குல மடக்குக் கூண்டு: வாங்கலாம், ஆனால் முதலில் கதவைத் திறந்தே வையுங்கள்

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அடித்தட்டுக்காக அரை நட்சத்திரம் குறைத்தேன், அட்டைப்பெட்டி மேல் அச்சடித்திருந்த "உள்ளே விட்டதும் நாய் அமைதியாகிவிடும்" என்ற கதைக்காக முழுசாக ஒன்று.

ஆன்லைனில் ஏகப்பட்ட கம்பெனிகள் விற்கிற அதே கறுப்புக் கம்பிக் கூண்டுதான். முன்னால் ஒரு கதவு, பக்கத்தில் ஒரு கதவு, இழுத்துக் கழுவுகிற பிளாஸ்டிக் தட்டு, குட்டி நாய் என்றால் இடத்தைச் சுருக்கிக்கொள்ள ஒரு தடுப்பு. எங்கள் செவலை நாட்டு நாய், இருபது கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, அவளுக்கு இந்த அளவு சரியாக இருக்கிறது. தலை இடிக்காமல் நிற்க வேண்டும், தாராளமாகத் திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. லாப்ரடார் வைத்திருப்பவர்கள் 42 பாருங்கள்.

இப்போது பெட்டியில் போடாத விஷயம். புதுச்சேரியில் தெருநாயைத் தத்தெடுத்தால் அதன் காதைப் பாருங்கள். சின்னதாக ஒரு வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய், அதாவது பிடித்து வண்டியில் ஏற்றி, ஆபரேஷன் செய்து, புண் ஆறும் வரை ஏதோ ஒரு கூண்டில் கிடந்து வந்திருக்கும். செவலைக்கும் அந்த வெட்டு உண்டு. அப்படிப்பட்ட நாய்க்கு கம்பிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் என்ன ஞாபகம் வரும்? மூச்சிரைக்கும், எச்சில் ஒழுகும், கம்பியைக் கடிக்கும். "கத்தட்டும், தானா பழகிடும்" என்று சொல்ல தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள், கேட்காதீர்கள், பல் உடையும், நகம் பிய்யும், கூண்டைப் பார்த்தாலே ஓடுகிற நிலைமைக்கு வந்துவிடும்.

அதனால் கதவைக் கயிறு போட்டுப் பின்பக்கமாகக் கட்டிவிட்டோம். சோற்றுத் தட்டை முதலில் கூண்டுக்கு வெளியே வைத்து, அப்புறம் வாசலில், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டே போனோம். அவளாக உள்ளே போய்ப் படுக்க ஆரம்பித்த பிறகுதான் கதவையே தொட்டது. சாப்பிடும்போது சாத்துவது, சாப்பிட்டு முடிப்பதற்குள் திறப்பது. அப்புறம் ரப்பர் பொம்மைக்குள் உப்பில்லாத தயிர் சாதம் அடைத்து ஃப்ரீசரில் உறைய வைத்துக் கொடுத்தோம், நக்கி முடிக்க நேரம் பிடிக்கும், அந்த நேரத்துக்குக் கதவு மூடியிருப்பதை அவள் கண்டுகொள்வதில்லை. (வேர்க்கடலை வெண்ணெய் அடைப்பவர்கள் லேபிளைப் படியுங்கள், சைலிட்டால் என்கிற சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கிற இனிப்பு இருந்தால் நாய்க்கு விஷம்.) அவசரமே கூடாது. ஒரு நாள் மூச்சிரைத்தால் மறுநாள் ஒரு படி பின்னால் வர வேண்டியதுதான்.

தட்டு விஷயத்துக்கு வருகிறேன். டைல்ஸ் தரையில் இந்தக் கூண்டை வைத்தால் நாய் காலை மாற்றி வைக்கும்போதெல்லாம் தட்டு கடகடவென்று அடிக்கிறது, பாதி பயம் அதனால்தான் என்று நினைக்கிறேன். கூண்டுக்கு அடியில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, தட்டுக்கு மேலே பழைய போர்வை விரித்ததும் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. இத்தனை விலைக்கு நாலு ரப்பர் காலாவது வைத்து அனுப்பியிருக்கலாம்.

கூடவே வரும் தடித்த உறையை எடுத்துப் பரணில் போடுங்கள், அது குளிர் நாட்டுக்கு. நம் ஊர்ப் புழுக்கத்தில் நாலு பக்கமும் மூடினால் நாய் வெந்துவிடும். மேலேயும் பின்னாலும் மட்டும் பழைய பருத்திப் புடவை, முன்பக்கம் காற்றோட்டமாக இருக்கட்டும், ஃபேன் காற்று படுகிற இடமாகப் பாருங்கள். கரண்ட் போனால் கதவைத் திறந்துவிடுங்கள். உள்ளே போகும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும், கம்பியில் மாட்டினால் ஆபத்து.

தாழ்ப்பாள் உறுதி, மடக்குவதும் சுலபம். ஆனால் எங்கள் வீடு முத்தியால்பேட்டை, கடல் காற்று சும்மா இருக்குமா, கம்பி சேர்கிற மூலைகளில் இப்போதே துரு. துடைத்து ஈரமில்லாமல் வைத்தால் கொஞ்சம் தள்ளிப்போகும். மொட்டை மாடியில் வைக்க நினைப்பவர்கள் வாங்காதீர்கள்.

இன்னொரு வகை ஆட்களும் வாங்க வேண்டாம். கூண்டே இல்லாமல் வீட்டில் தனியாக விட்டுப் போனாலும் உங்கள் நாய் ஊளையிட்டு, கதவைப் பிராண்டுகிறதா? அது கூண்டுப் பயம் இல்லை, பிரிவுப் பதற்றம், அடைத்துப் போட்டால் இன்னும் மோசமாகும். குரும்பாபேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ தெரிந்த டாக்டரிடமோ காட்டுங்கள். வீட்டில் தனியாக இருக்கும்போது நாய் செய்வதை முன்பே போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், டாக்டர் முன்னால் பரம சாதுவாக உட்கார்ந்திருக்கும்.