தாளா, ஆளா? கடைசிக் கட்ட மருத்துவ முடிவை எதனிடம் ஒப்படைப்பது

நினைவு தப்பியோ மறதி நோய் முற்றியோ ஒருவரால் தம் சிகிச்சையைப் பற்றித் தாமே பேச முடியாமல் போகும்போது, அவருடைய விருப்பம் மருத்துவரைச் சென்றடைய இரண்டு வழிகள் உள்ளன. இன்ன சிகிச்சை வேண்டும், இன்னது வேண்டாம் என்று தெளிவோடு இருக்கும்போதே எழுதிக் கையொப்பமிடும் 'லிவிங் வில்' ஒன்று. தமக்காக முடிவெடுக்கும் அதிகாரத்தை நம்பகமான ஒருவருக்கு எழுத்து மூலம் அளிப்பது மற்றொன்று. இரண்டையும் ஒருசேரச் செய்து வைக்கலாம்தான். ஆனால் தாள் ஒன்று சொல்ல, ஆள் வேறொன்று சொல்லும் நேரம் வரக்கூடும் என்பதால், எதற்கு முதலிடம் என்பதை முன்பே யோசித்தாக வேண்டும்.

1969இல் அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் கட்னர் ஒரு சட்ட இதழில் முன்வைத்த லிவிங் வில்லை, 1976இல் கலிஃபோர்னியா சட்டமாக்கியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் அதை ஏற்று, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. தாளின் பலம் அதன் பிடிவாதம்: அது அழாது, அலுக்காது, உறவினர் கூடிப் பேசினால் மனம் மாறாது. பலவீனமும் அதே பிடிவாதம்தான். 'மீள முடியாத நிலை வந்தால் வென்டிலேட்டர் வேண்டாம்' என்று எழுதியவருக்கு 82 வயதில் நிமோனியா வருகிறது. மூன்று நாள் வென்டிலேட்டரில் வைத்தால் தேறிவிட வாய்ப்புண்டு என்கிறார் மருத்துவர். இது மீள முடியாத நிலையா, இல்லையா? தாளிடம் பதில் கிடையாது. போதாக்குறைக்கு, அந்தத் தாள் பூட்டிய அலமாரிக்குள் இருக்க, வாசலில் வந்து நிற்கும் ஆம்புலன்ஸ் பணியாளர்கள் நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட்டிருப்பார்கள்.

இத்தகைய திடீர் நெருக்கடியில் ஆளே மேல். அவர் மருத்துவரிடம் எதிர்க்கேள்வி கேட்பார், இரண்டு நாள் பார்ப்போம் என்பார், பலனில்லாவிட்டால் நிறுத்தச் சொல்வார். ஆயினும் நெருங்கியவருக்கு எல்லாம் தெரியும் என்று இருந்துவிட முடியாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான ஒரு மதிப்பாய்வில், உறவினர்கள் நோயாளியின் விருப்பத்தைச் சரியாகக் கணித்தது ஏறத்தாழ 68 விழுக்காடு மட்டுமே. நோயாளியே தேர்ந்தெடுத்த ஆளாக இருந்தபோதும் கணிப்பு மேம்படவில்லை. ஆகவே அதிகப் பாசம் வைத்திருப்பவர் என்பதற்காக ஒருவரை நியமிப்பதைவிட, ஐசியூ வாசலில் நின்று 'போதும்' என்று சொல்லும் மனத்திடம் உள்ளவரை நியமிப்பதே மேல் என்பது என் கருத்து. (பல குடும்பங்களில் அவர் மூத்த பிள்ளையாக இருப்பதில்லை.)

மறதி நோயில் கணக்கு மாறுகிறது. அது மெல்ல வருவது. வரப்போகும் கேள்விகளும் பெரும்பாலும் முன்னரே தெரிந்தவை. விழுங்க முடியாத கட்டத்தில் மூக்கு வழியாகக் குழாய் போடுகிறார்கள். இது என்ன என்று புரியாமல் முதியவர் அதைப் பிடுங்குகிறார். மறுபடியும் போட்டு, பிடுங்காதிருக்கக் கைகளைத் துணியால் கட்டுகிறார்கள். நோய் முற்றியவர்களுக்குக் குழாயைத் தவிர்த்து, கையால் பொறுமையாக ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது. குழாய் ஆயுளை நீட்டுவதாக நிரூபணமும் இல்லை. ஆனால் 'வேண்டாம்' என்று சொல்லப்போகும் மகளுக்கோ, பெற்ற தாயைப் பட்டினி போடுகிறோமோ என்ற குற்ற உணர்வு. 'எனக்குக் குழாய் வேண்டாம். கையால் ஊட்டுங்கள், உண்ணும் அளவு போதும், வாய் உலராமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று தாயின் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தால், முடிவு தாயினுடையதாகிறது. இங்கே தாளுக்கே என் வாக்கு.

நோய் முற்றியவர்களுக்கு மருத்துவரே கையொப்பமிட்டுத் தரும் சிகிச்சை ஆணைப் படிவம் சில நாடுகளில் உண்டு; ஆம்புலன்ஸ் பணியாளர்கள் அதைப் பின்பற்ற முடியும். நலமாக இருப்பவருக்கு அது தேவையில்லை. நியமிக்க ஆளே இல்லாதவருக்குத் தாள் ஒன்றுதான் துணை. அதன் நகல் மருத்துவரிடமும் முதியோர் இல்லத்திலும் இருக்க வேண்டும். இல்லத்தில் சேரும்போது 'அவசரத் தொடர்பு' என்ற கட்டத்தில் எழுதும் பெயரை நியமனம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது தகவல் சொல்வதற்கான பெயர். அந்தக் கட்டத்தில் இடம்பெற்றதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் வந்துவிடாது.