சைக்காலஜி பட்டத்துக்கு முன்னால்: ஆக்சஸா, ஏ லெவலா, ஃபவுண்டேஷன் இயரா?

இங்கிலாந்துக்கு வந்து வேலை, குடும்பம் என்று சில வருடங்கள் ஓடிய பிறகு சைக்காலஜி படிக்கலாமா என்று யோசிப்பவர்கள் நம்மவர்களில் நிறைய. கேர் ஹோமில் வேலை பார்ப்பவர், பள்ளியில் டீச்சிங் அசிஸ்டெண்டாக இருப்பவர், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதில் கொஞ்சம் நேரம் கிடைத்தவர். பல்கலைக்கழகத் தளத்தைத் திறந்தால் ‘ஏபிபி அல்லது அதற்கு இணையான தகுதி’ என்று ஒரு வரி இருக்கும், அதாவது ஏ லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வில் ஒரு ஏ, இரண்டு பி. அந்த ‘இணையான தகுதி’யை எங்கே போய் வாங்குவது, காலேஜில் ஆக்சஸ் டிப்ளமோவா, பல்கலைக்கழகத்திலேயே ஃபவுண்டேஷன் இயரா என்பதில்தான் குழப்பம். காலேஜில் கேட்டால் அவர்கள் நடத்தும் கோர்ஸைச் சொல்வார்கள், பல்கலைக்கழகத்தில் கேட்டால் அவர்களுடையதை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட யாருமில்லை.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கான கணக்கு. ஸ்காட்லாந்தில் ஸ்வாப் என்று தனி ஏற்பாடு உண்டு. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் பண உதவி விதிகள் வேறு. குடியுரிமையோ செட்டில்ட் ஸ்டேட்டஸோ கையில் இருந்து, மூன்று வருடமாவது இங்கே குடியிருந்தவரை மனதில் வைத்து எழுதுகிறேன். படிப்பு விசா, வேலை விசாவில் இருப்பவர்களுக்குக் கடன் பற்றிய பகுதி பொதுவாகப் பொருந்தாது.

ஏற்கெனவே பட்டம் இருந்தால்

எந்த ஆயத்தப் படிப்பு என்று தேடுவதற்கு முன்னால் பெட்டிக்குள் கிடக்கும் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். ஊரில் பி.காம்., பி.எஸ்சி. என்று ஏதாவது ஒரு பட்டம் முடித்திருந்தால் ஆக்சஸும் வேண்டாம், ஏ லெவலும் வேண்டாம். வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர்களுக்காகவே சைக்காலஜி கன்வெர்ஷன் எம்.எஸ்சி. இருக்கிறது. முழுநேரம் என்றால் ஒரு வருடம், பகுதிநேரம் என்றால் பெரும்பாலும் இரண்டு. பிரிட்டிஷ் சைக்கலாஜிக்கல் சொசைட்டி, அதாவது பிபிஎஸ், அங்கீகரித்த கன்வெர்ஷன் கோர்ஸை முடித்தால், மூன்று வருட இளநிலைப் பட்டம் தரும் அதே அடிப்படை உறுப்பினர் தகுதி இதிலும் கிடைக்கும். வெளிநாட்டுப் பட்டத்தை அந்தந்தப் பல்கலைக்கழகமே எடைபோடும். சிலர், வெளிநாட்டுத் தகுதிகளை மதிப்பிடும் யுகே எனிக் அமைப்பின் சான்று கேட்பார்கள்.

பணம் இன்னொரு காரணம். ஒரு பட்டம் இருப்பவருக்கு இரண்டாவது இளநிலைப் பட்டத்துக்கு ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் பொதுவாகக் கட்டணக் கடன் தராது. அந்தப் பட்டத்தை மதுரையில் வாங்கினீர்களா யாழ்ப்பாணத்தில் வாங்கினீர்களா என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள், பட்டம் பட்டம்தான். பகுதிநேரத்தில் சில பாடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒரு வருடம் ஆக்சஸ் படித்து முடித்த பிறகு இது தெரிய வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதுநிலைப் படிப்புக்கோ தனிக் கடன் இருக்கிறது. 2025-26 கல்வியாண்டில் தொடங்குபவர்களுக்கு அதன் உச்சவரம்பு 12,858 பவுண்டு. 2027 ஜனவரியிலிருந்து தொடங்கும் இளநிலைப் படிப்புகளுக்கு வாழ்நாள் கற்றல் உரிமை என்ற புதிய கடன் முறை வருவதால், அதற்குப் பிறகு சேர்பவர்கள் விதிகளைப் புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டம் இல்லை, ஆனால் இலங்கை ஏ/எல் அல்லது பிளஸ் டூ நல்ல மதிப்பெண்ணோடு இருக்கிறது என்றாலும் அவசரப்படாதீர்கள். பல பல்கலைக்கழகங்கள் அவற்றை நேரடியாகவே ஏற்கும். முடித்துப் பல வருடம் ஆகிவிட்டால் ‘அண்மையில் படித்ததற்கான அத்தாட்சி’ கேட்பார்கள். அப்போதுதான் இனி வரும் பேச்சு உங்களுக்கு.

ஆக்சஸும் ஏ லெவலும்

ஆக்சஸ் டிப்ளமோ என்பது பள்ளிப் படிப்பை விட்டுப் பல வருடம் ஆனவர்களுக்கென்றே 1970களின் கடைசியில் தொடங்கிய ஏற்பாடு. மொத்தம் 60 கிரெடிட். அதில் 45 கிரெடிட் லெவல் 3, அதாவது ஏ லெவலுக்கு இணையான நிலை. அவற்றுக்கு பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் என்று தரம் போடப்படும். மீதி 15-க்குத் தரம் கிடையாது, முடித்தால் போதும். முழுநேரம் என்றால் ஒரு வருடம்.

பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் அமைப்புக்கு யூகாஸ் என்று பெயர், அதன் புள்ளிக் கணக்கில் 45-உம் டிஸ்டிங்ஷன் என்றால் 144 யூகாஸ் புள்ளி. ஏ லெவலில் மூன்று ஏ எடுத்தாலும் அதே 144 தான். 30 டிஸ்டிங்ஷன், 15 மெரிட் என்றால் 128, அதாவது ஏபிபி. காகிதத்தில் இரண்டும் சமம். வாழ்க்கையில் சமம் இல்லை. மூன்று ஏ லெவல் எடுக்க வழக்கமாக இரண்டு வருடம் ஆகும். அந்த இரண்டு வருட உழைப்பும் கடைசியில் ஒரு மே, ஜூன் மாதத்தில் வந்து நிற்கும். ஏ க்யூ ஏ வாரியத்தின் சைக்காலஜியில் மூன்று தாள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், 96 மதிப்பெண். அந்த வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், அல்லது மேனேஜர் ஷிஃப்டை மாற்றினால், அடுத்த வருடம்தான்.

இன்னொன்றும் உண்டு. 16 மதிப்பெண் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: தாய்–சேய் பிணைப்பு பற்றி பௌல்பி சொன்ன கோட்பாட்டை விளக்கி மதிப்பிடு. கோட்பாட்டைச் சொல்வதற்கு 6 மதிப்பெண்தான். மீதி 10, அதை ஆதரிக்கும் ஆய்வு எது, எதிர்க்கும் ஆய்வு எது, அந்த ஆய்வின் முறையிலேயே என்ன ஓட்டை என்று வாதாடுவதற்கு. பாடப்புத்தகத்தை வரி விடாமல் ஒப்பித்துப் பழகிய நமக்கு இந்த 10 தான் கையை விட்டுப் போகும். ஆக்சஸிலும் இதே திறமையைத்தான் கேட்பார்கள். ஆனால் அங்கே 1,500 சொல் கட்டுரையாக, சில வாரம் நேரம் கொடுத்து, ஆசிரியரின் பின்னூட்டத்தோடு கேட்பார்கள். முதல் கட்டுரையில் வாங்கிக் கட்டிக்கொண்டதை மூன்றாவது கட்டுரையில் சரிசெய்துவிடலாம்.

அதற்காக ஆக்சஸ் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். வருடம் முழுக்க ஏதாவது ஒரு அசைன்மெண்ட் கழுத்தில் நிற்கும். ஒன்றில் மெரிட் விழுந்தால், அதை டிஸ்டிங்ஷன் ஆக்குவதற்காக மறுபடி எழுதிக் கொடுக்க முடியாது. 30 டிஸ்டிங்ஷன் கேட்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்றால், அக்டோபரில் எழுதும் கட்டுரையிலிருந்தே கணக்கு தொடங்கிவிடுகிறது. தாமதமாகச் சூடு பிடிப்பவர்களுக்கு உண்மையில் ஏ லெவல்தான் தோது, அங்கே கடைசித் தேர்வுதான் பேசும்.

பதினெட்டு வயதுக்குள் இருப்பவர் என்றால் ஏ லெவலையே சொல்வேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கட்டணம் கிடையாது, எல்லாக் கதவும் திறந்திருக்கும், பிறகு மனம் மாறினாலும் வேறு பாடத்துக்குப் போகலாம். முப்பது வயதில் வேலைக்குப் போய்க்கொண்டு தனித் தேர்வராக ஏ லெவல் எழுதுவது வேறு கதை. சைக்காலஜிக்குச் செய்முறைத் தேர்வு இல்லை என்பதால் தேர்வு மையம் கிடைத்தால் எழுதிவிடலாம். பயாலஜியைச் சேர்த்து எடுக்க நினைத்தால் செய்முறைச் சான்று என்று ஒன்று வந்து நிற்கும், தனித் தேர்வருக்கு அது பெரும் அலைச்சல்.

ஃபவுண்டேஷன் இயர்: பணத்தின் கதை

ஃபவுண்டேஷன் இயர் என்பது பல்கலைக்கழகமே நடத்தும் பூஜ்ஜியமாம் ஆண்டு. அதைத் தேறினால் அதே இடத்தில் முதல் ஆண்டு, ஆக மொத்தம் நான்கு வருடம். கேட்க நிம்மதியாக இருக்கும். இதில் சேர யூகாஸ் புள்ளியும் குறைவாகத்தான் கேட்பார்கள், சில இடங்களில் வேலை அனுபவமே போதும்.

2025-26இல் இளநிலைக் கட்டணத்தின் உச்சவரம்பு 9,535 பவுண்டு. வகுப்பறைப் பாடம் என்று வகைப்படுத்தப்பட்டவற்றின் ஃபவுண்டேஷன் இயருக்கு மட்டும் 5,760. நீங்கள் பார்க்கும் கோர்ஸ் எந்தப் பக்கம் வருகிறது என்பதை அதன் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். எதுவானாலும் அந்தத் தொகை உங்கள் கடனில் ஏறிவிடும்.

ஆக்சஸ் கட்டணம் பெரும்பாலும் 3,000 முதல் 4,000 பவுண்டுக்குள். 19 வயது ஆனவர் இதற்கு அட்வான்ஸ்டு லேர்னர் லோன் வாங்கலாம். வருமானமும் பார்க்க மாட்டார்கள், கிரெடிட் செக்கும் கிடையாது. இதில்தான் பலர் கவனிக்காத ஒரு விஷயம்: ஆக்சஸ் முடித்துப் பட்டப் படிப்பில் சேர்ந்து அதையும் முடித்துவிட்டால், ஆக்சஸுக்கு வாங்கிய கடனில் மிச்சம் இருப்பதைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். பட்டத்தைப் பாதியில் விட்டால் தள்ளுபடி இல்லை. 19 முதல் 23 வயதுக்குள் இருந்து, இதுவரை முழு லெவல் 3 தகுதி எதுவும் இல்லாதவர்கள் கடனே இல்லாமல் படிக்க வழி உண்டா என்று காலேஜில் முதலில் கேட்டுவிடுங்கள்.

இதுவரை பார்த்தால் ஆக்சஸ்தான் லாபம். ஆனால் அரிசியும் வாடகையும் இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை. லேர்னர் லோன் கட்டணத்துக்கு மட்டும்தான். ஃபவுண்டேஷன் இயரோ பட்டத்தின் ஒரு பகுதி, ஆகவே முதல் நாளிலிருந்தே பராமரிப்புக் கடன் உண்டு, பிள்ளை இருப்பவருக்குத் தகுதிக்கேற்ப குழந்தைப் பராமரிப்பு மானியமும் உண்டு. வேலையை விட்டுவிட்டுத்தான் படிக்க முடியும், வீட்டில் வேறு சம்பளமும் இல்லை என்பவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. அப்படிப்பட்டவர் கூடுதல் கடனுக்குப் பயந்து ஆக்சஸில் சேர்ந்து, வாடகை கட்ட முடியாமல் பாதியில் நிற்பதைவிட ஃபவுண்டேஷன் இயரே மேல். யூனிவர்சல் கிரெடிட் வாங்குபவர்கள் எதில் சேர்வதானாலும் முழுநேரம் என்று கையெழுத்துப் போடும் முன் அது என்ன ஆகும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஃபவுண்டேஷன் இயரில் எனக்குப் பிடிக்காதது, அது உங்களை ஒரே இடத்தில் கட்டிப்போடுவதுதான். அந்த ஊர் ஒத்துவரவில்லை, வேறு பல்கலைக்கழகம் போகலாம் என்றால் அங்கே அதை ஏற்பார்கள் என்று உறுதி இல்லை. ஆக்சஸில் யூகாஸ் வழியாக ஐந்து இடத்துக்குப் போடலாம்.

ஓப்பன் யுனிவர்சிட்டியை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். முன்தகுதியே கேட்க மாட்டார்கள், பிபிஎஸ் அங்கீகாரம் பெற்ற சைக்காலஜி பட்டம் இருக்கிறது, வேலையோடு படிக்கலாம். அங்கேயும் ஆக்சஸ் மாட்யூல் என்று ஒன்று உண்டு. அது 60 கிரெடிட் ஆக்சஸ் டிப்ளமோ இல்லை, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் யாரும் தள்ளாமல் தானாக உட்கார்ந்து படிக்கிற ஆள் நீங்கள் என்றால் ஆயத்தப் படிப்பே வேண்டாம், நேராக அங்கே சேரலாம். எல்லாராலும் அது முடியாது.

எந்த ஆக்சஸ்?

ஆக்சஸ் என்று முடிவு செய்துவிட்டீர்கள், சரி. காலேஜ் தளத்தில் போனால் ஆக்சஸ் சைக்காலஜி, ஆக்சஸ் சோஷியல் சயின்ஸ், ஆக்சஸ் சயின்ஸ், ஆக்சஸ் ஹெல்த் என்று வரிசையாக நிற்கும். தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். யூனிட் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டு காலேஜில் ஒரே தலைப்பில் நடக்கும் கோர்ஸில் உள்ளே இருப்பது ஒன்றாக இருக்காது.

நான் தேடுவது இரண்டுதான். ஆய்வு முறையும் புள்ளியியலும் யூனிட்டாக இருக்கிறதா? மூளை, நரம்பு மண்டலம் பற்றி உயிரியல் யூனிட் ஏதாவது இருக்கிறதா? சைக்காலஜி பட்டத்தின் முதல் வருடத்திலேயே டி-டெஸ்ட்டும் கோரிலேஷனும் வந்துவிடும். மனிதர்களைப் புரிந்துகொள்ளலாம் என்று வந்தவர்களை அதுதான் திகைக்க வைக்கிறது. ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லும் ஸ்ட்ரூப் சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். அதைப் பத்துப் பேரிடம் செய்து, நேரத்தைக் குறித்து, வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று கணக்குப் போட்டு ஓர் அறிக்கை எழுத வைக்கும் ஆக்சஸ் கிடைத்தால், பஸ் இரண்டு மாற வேண்டியிருந்தாலும் அதில் சேருங்கள். முழுக்கச் சமூகவியலும் குற்றவியலும் நிரம்பி, சைக்காலஜி ஒரே ஒரு யூனிட் என்றால் வேண்டாம். பல பல்கலைக்கழகங்கள் சைக்காலஜியிலோ அறிவியலிலோ இத்தனை கிரெடிட் டிஸ்டிங்ஷன் இருக்க வேண்டும் என்று தனியாகவே எழுதி வைத்திருக்கின்றன.

ஆன்லைனில் நடக்கும் ஆக்சஸும் செல்லும், ஆக்சஸ் டிப்ளமோக்களைக் கண்காணிக்கும் க்யூஏஏ அமைப்பின் அங்கீகாரம் இருந்தால். சில பவுண்டுக்கு விற்கும் ‘சைக்காலஜி டிப்ளமோ’ சான்றிதழ்கள் சுவரில் மாட்டத்தான் உதவும். யூகாஸில் அவற்றுக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது.

கவுன்சலிங் செய்வதுதான் ஆசை என்றால் சைக்காலஜி பட்டமே தேவையில்லை, அதற்குத் தனிப் பயிற்சி வழி இருக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் பிபிஎஸ் அங்கீகாரம் உள்ள பட்டம், பிறகு அனுபவம், அதன் பிறகு டாக்டரேட். அதனால் எந்த வாசலில் நுழைந்தாலும் போய்ச் சேரும் பட்டத்துக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஜிசிஎஸ்இ, இங்கே பிள்ளைகள் பதினாறு வயதில் எழுதும் பள்ளித் தேர்வு. கணிதத்திலும் ஆங்கிலத்திலும் கிரேடு 4 பெரும்பாலான இடங்களில் கட்டாயம், சில இடங்களில் 5 அல்லது 6. ஆக்சஸில் டிஸ்டிங்ஷனாக வாங்கிக் குவித்தாலும் இது இல்லாவிட்டால் கதவு திறக்காது. அதற்குப் பதிலாக ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 என்ற அன்றாடக் கணித, ஆங்கிலத் தகுதியை ஏற்கும் இடங்கள் உண்டு, எல்லா இடமும் இல்லை. ஊரில் எழுதிய ஓ/எல், பத்தாம் வகுப்பை ஏற்கிறார்களா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சஸ் செப்டம்பரில் தொடங்கும், யூகாஸ் விண்ணப்பத்தின் முக்கியக் கெடு ஜனவரியில் வந்துவிடும். கணிதம் இல்லாதவர்கள் ஆக்சஸோடு சேர்த்து மே மாதத் தேர்வுக்கும் படிப்பதைவிட நவம்பர் தேர்வுக்கு உட்கார்வது நல்லது. அதன் முடிவு ஜனவரியில் வரும். அந்தத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் கெடு அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும், ஆகவே தேர்வு மையத்தைக் கோடை விடுமுறையிலேயே பிடித்துவிடுங்கள்.