நுவரெலியாவில் பழைய கேஸ் கிரில் சர்வீஸ்: உள்ளே பத்துக்கு ஒன்பது, வெளியே பத்துக்கு நாலு

பளபளவென்று மின்ன வைத்துத் தருவார்கள் என்று நினைத்துக் கூப்பிட்டால் ஏமாந்து போவீர்கள். கிரில் ஒழுங்காக எரிய வேண்டும், பக்கத்தில் பயமில்லாமல் நிற்க வேண்டும் என்று கூப்பிட்டால், கொடுத்த காசுக்கு இதைவிட நல்ல வேலை இந்தப் பக்கத்தில் நான் பார்க்கவில்லை.

நான் பார்த்துக்கொள்வது டவுனுக்குக் கொஞ்சம் மேலே, நாலு அறை வாடகை பங்களா. சொந்தக்காரர் வெளிநாட்டில். வீட்டைப் புதுப்பித்த காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த சாமான்களோடு ஒரு நாலு பர்னர் கிரில்லும் வந்தது. பின்வளவில் கருங்கல் மேடை கட்டி அதற்குள் பதித்துவிட்டார்கள். 2022இல் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றபோது மூடி வைத்ததுதான். எங்கள் கோக்கி அண்ணன் மிலாறை, அதாவது காய்ந்த தேயிலைக் குச்சியை எரித்துத் தகரப் பீப்பாயில் கோழி சுடப் பழகிவிட்டார், வருகிறவர்களுக்கும் அது பிடித்துப் போய்விட்டது. மழையிலும் மூடுபனியிலும் கிரில் அப்படியே கிடந்தது. இந்த முறை ஏப்ரல் சீசனுக்கு முன்னால் "அதைத் திறந்து பாருங்கள், முடியாவிட்டால் இடித்துவிடலாம்" என்று சொந்தக்காரர் போனில் சொன்னார். புதிதாக ஒன்றைப் பதிக்கக் கொழும்பில் விசாரித்தேன். சொன்ன விலைக்கு மேடையையும் இடித்து ஒரு அறையே கட்டலாம்.

வேலைக்கு வந்தவருக்கு நானுஓயாப் பக்கம் பட்டறை. போர்டு கிடையாது, எல்லாருக்கும் அவர் பாஸ்தான். ஹோட்டல் குசினி அடுப்பு, பேக்கரி போறணை, இதெல்லாம்தான் அவருடைய அன்றாட வேலை. கிரில்லுக்கென்று தனி ஆள் இங்கே தேடினாலும் கிடைக்காது.

வந்த மனுஷன் துணியோ சோப்போ கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாகத்திலும் வைத்துப் பார்த்தார். மூடியில் ஒட்டவில்லை. பர்னர் குழாயிலும் ஒட்டவில்லை. பர்னருக்கு மேலே கவிழ்த்து வைத்திருக்கிற வளைந்த தகடுகளில் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. "இது நாலும் போச்சு தங்கச்சி. மத்ததெல்லாம் நல்ல எவர்சில்வர், கழுவுனா போதும்" என்றார். ஒரு தகட்டை விரலால் அமத்தினேன், அப்பளம்போல் நொறுங்கியது. அந்த நாலையும் பட்டறையிலேயே புதிதாக வெட்டி வளைத்துக்கொண்டு வந்தார்.

பிறகு பர்னர்களைக் கழற்றி, கேஸும் காற்றும் கலந்து நுழைகிற வாயில் டோர்ச் அடித்துக் காட்டினார். வெள்ளையாக ஓர் அடைப்பு. முனை வளைத்த கம்பியை விட்டு இழுக்க இழுக்கச் சிலந்தி வலை சுருண்டு வந்தது, நடுவில் முட்டைப் பை. இன்னொரு குழாயில் காய்ந்த மண், குளவிக் கூடு. (தோட்டத்தில் குளவி என்றாலே கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிற ஆட்கள் நாங்கள். இது அந்தக் கூட்டம் இல்லை, தனியாகத் திரிகிற சாது ரகம்.) வாய் அடைத்துக்கொண்டால் கேஸ் முன்னுக்குப் போக வழியில்லாமல் பின்னுக்கு வந்து, கேஸைத் திறக்கிற திருகுகளுக்குக் கீழே பற்றுமாம். எங்கள் கிரில்லில் ஒரு திருகு ஏன் உருகிக் கிடந்தது என்று அப்போதுதான் விளங்கியது. வலையையும் மண்ணையும் எடுத்துவிட்டு, பக்கத்துத் துளைகளை ஒவ்வொன்றாக மெல்லிய கம்பியால் குத்தி, குழாயைக் கவிழ்த்துத் தட்டினார். கொட்டிய துரு ஒரு பிடி இருக்கும்.

காசு போனது ஜெட்டுக்கு, அதாவது பர்னருக்குள் கேஸைப் பாய்ச்சுகிற சின்னத் துளை போட்ட முனைக்கு. இந்தக் கிரில் செய்யப்பட்டது இயற்கை எரிவாயுவுக்கு. அமெரிக்காவில் அது குழாய் வழியாக வீட்டுக்கே வருகிறது, நமக்குச் சிலிண்டர் கேஸ்தான். சிலிண்டர் கேஸுக்கு ஜெட்டின் துளை சிறிதாக இருக்க வேண்டும். பதித்தவர்கள் அதை மாற்றாமலே ஹோஸைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால் கேஸ் தேவைக்கு மேல் பாய்ந்து மஞ்சள் சுவாலையும் கரியுமாக எரிந்திருக்கிறது. கோழி கறுத்த பழியெல்லாம் கோக்கி அண்ணன் தலையில்தான் விழுந்தது. பழைய துளையை அடைத்துத் திரும்பத் துளைக்கிற ஆட்களும் உண்டு, பாஸ் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சரியான அளவுப் பித்தளை ஜெட் கொழும்பிலிருந்து வரட்டும் என்று வேலையை நிறுத்திவிட்டார். அந்தப் பிடிவாதத்துக்கே தனியாக ஒரு மார்க் போடலாம்.

ஜெட் மாட்டிய பிறகும் பகலில் சுவாலையைச் சரிபார்க்க மாட்டேன் என்று தேநீர் குடித்துக்கொண்டு பொழுது சாயக் காத்திருந்தார். வெயிலில் நிறம் தெரியாதாம். இருட்டியதும் காற்று நுழையும் மூடிகளைத் துளித்துளியாகத் திறந்தார். டவுன் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, காற்று கொழும்பைவிட அடர்த்தி குறைவு, அதனால் இங்கே கூடுதலாகத் திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே செய்தார். மஞ்சள் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் நுனியில் மட்டும் ஒரு பொட்டாக நின்றது.

துப்பரவு வேலை கூட வந்த தம்பியுடையது. கொழுப்புத் தட்டில் விரற்கடை உயரத்துக்கு உறைந்த கொழுப்பு. அதை மரத்துண்டால் சுரண்டி, சுடுதண்ணீர், சவர்க்காரத் தூள், தேங்காய்ப் பொச்சு என்று மாற்றி மாற்றித் தேய்த்தான். ஒரு கட்டத்தில் பொறுமை இழந்து காஸ்டிக் சோடா போத்தலைத் திறக்கப் போனவனுக்கு நல்ல ஏச்சு விழுந்தது. மூடியின் இரண்டு கரைகளும் வார்ப்பு அலுமினியம், சோடா பட்டால் அரித்துவிடும். கம்பி பிரஷுக்கும் தடை. முறிந்த கம்பி இரும்புக் கம்பியடுக்கில் ஒட்டியிருந்து இறைச்சியோடு வயிற்றுக்குப் போகும் என்றார். சூடாக இருக்கும்போதே முள்ளுக்கரண்டியில் குத்திய பாதி வெங்காயத்தால் தேய்க்கச் சொல்லியிருக்கிறார், கோக்கி அண்ணன் இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் செய்கிறார்.

நான் கேட்காமலே பாஸ் சொன்ன ஒன்று: மேடையில் சிலிண்டர் இருக்கும் அறைக்கு அடியில் துளையே இல்லை. சிலிண்டர் கேஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் கீழேதான் தேங்கும். ஒரு மேசனைக் கொண்டு எதிரெதிர்ப் பக்கங்களில் தரையோடு இரண்டு துளை போடவைத்து, எலி நுழையாமல் வலை அடித்தார். 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்பு வெடித்த செய்திகளை வாசித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஹோஸும் ரெகுலேட்டரும் புதிது. சன்லைட் சவர்க்காரத்தைக் கரைத்து ஒவ்வொரு மூட்டிலும் பூசிக் குமிழ் வருகிறதா என்று என்னையும் குனிந்து பார்க்க வைத்தார். 5 கிலோ சிலிண்டர் இதற்குப் போதாது, 12.5 கிலோதான் வேண்டும் என்றார். நம் கேஸில் பியூட்டேன் அதிகம். குளிர் பூச்சியம் டிகிரிக்குக் கிட்டப் போனாலே அது ஆவியாக மறுக்கும். நாலு பர்னரும் எரியும்போது சிலிண்டர் தானாகவே குளிர்ந்து போகும், ஜனவரிப் பனியில் சின்னச் சிலிண்டர் சீக்கிரமே மூச்சுவிட முடியாமல் திணறும்.

இனிக் குறைகள். மூடியைப் பொலிஷ் பண்ணுகிறேன் என்று தம்பி மெஷினை எடுத்து வட்டம் வட்டமாக ஓட்டிவிட்டான். எவர்சில்வரில் கோடு ஓடுகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். இப்போது வெயில் பட்டால் சுழி சுழியாகத் தெரிகிறது, விருந்தாளிகள் எடுக்கும் படங்களிலெல்லாம் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. பாஸிடம் காட்டினேன். "சமைக்கிறது உள்ளதானே தங்கச்சி" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார், காசு குறைக்கவில்லை. ஜெட் வரும்வரை போன் எடுக்கவே இல்லை. பொத்தானை அமத்தினால் பொறி வரும் பற்றவைப்பைச் சரிசெய்ய முடியாது என்று கைவிட்டுவிட்டார், நீட்டு லைட்டரால்தான் பற்றவைக்கிறோம். பில்லும் கிடையாது. நான் வற்புறுத்திக் கேட்டபிறகு ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தார்: தகடு, ஜெட், ஹோஸ், ரெகுலேட்டர், கூலி எல்லாம் சேர்த்து 46,500 ரூபா. துளை போட்ட மேசனுக்கு நான் தனியாகக் கொடுத்தேன்.

சீசனில் கிரில் ஒரு நாளும் சும்மா இருக்கவில்லை. கோழித் தொடை நடுவரைக்கும் வெந்தது, தோல் பொன்னிறத்தில் நின்றது. நீளவாக்கில் பிளந்த லீக்ஸையும் சோளத்தையும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். மிலாறு புகையின் மணம் இதில் வராது, அதை விரும்புகிறவர்களுக்குப் பீப்பாய் இன்னும் இருக்கிறது.

இவரையோ இவர் மாதிரி ஒருவரையோ கூப்பிடுவதானால் பெப்ரவரியிலேயே கூப்பிடுங்கள். மார்ச் பிறந்துவிட்டால் டவுன் ஹோட்டல்களின் குசினிகளை விட்டு வெளியே வரமாட்டார்கள். பழைய ஜெட்டைக் கழற்றி உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். மெஷினைப் பட்டறையிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள், மூடியை நீங்களே துணியால் துடைத்துக்கொள்ளலாம்.