மாலாக்கா, காலாக்கா?

சி மொழியில் நினைவகத்தில் இடம் கேட்டு வாங்க மாலாக் (malloc), காலாக் (calloc) என இரு செயற்கூறுகள் உண்டு. மாலாக் தரும் இடம் துடைக்கப்படாதது. முன்பு அங்கே இருந்த கடவுச்சொல்லோ சாவியோ அப்படியே கிடக்கலாம். 4096 பைட் பஃபரில் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) ரீட் (read, தரவைப் படிப்பது) 1500 பைட்தான் நிரப்பியது; ரைட் (write, தரவை அனுப்புவது) முழு 4096-ஐயும் அனுப்பினால், மீதி 2596 பைட் பழைய சரக்கு வெளியே போய்விடும். ரீட் திருப்பித் தந்த எண்ணை மட்டும் ரைட்டுக்குக் கொடுப்பவருக்கு மாலாக்கே போதும்.

காலாக் பூஜ்யமாக்கித் தருகிறது. உறுப்புகளின் எண்ணிக்கையை ஒன்றின் அளவால் பெருக்கும் பெருக்கலையும் சரிபார்க்கிறது: 32-பிட்டில் 26,84,35,457 உறுப்புகளை 16-ஆல் பெருக்கி மாலாக்கிடம் கேட்டால், எண் வரம்பைத் தாண்டிப் பூஜ்யத்திலிருந்து சுற்றிக்கொண்டு வெறும் 16 பைட் கிடைக்கும், காலாக்கோ நல் (NULL, எந்த இடத்தையும் சுட்டாத வெற்று மதிப்பு) தந்து மறுத்துவிடும். 'மெதுவானது' என்ற புகார் பாதிதான் உண்மை. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் (glibc) பெரிய துண்டுகள் (தொடக்க வரம்பு 128 கேபி) இயங்குதளத்தின் மையமான கர்னலிடமிருந்து பூஜ்யமாகவே வருவதால் மறுபடி துடைப்பதில்லை. சுழலுக்குள் திரும்பத் திரும்பக் கேட்கும் சிறு துண்டுகளில்தான் செலவு தெரியும்.

காலாக்கிலும் ஒரு வில்லங்கம்: மதிப்பு வைக்க மறந்த பிழையை, நினைவகப் பிழைகளைத் தேடும் கருவியான வால்கிரைண்ட் (Valgrind) காட்டாது, பூஜ்யமும் அதற்கு வைத்த மதிப்புதானே! வெளியே போகும் பஃபருக்குக் காலாக்கே என் தேர்வு. ஆனால் ரீஅலாக் (realloc, வாங்கிய இடத்தின் அளவை மாற்றுவது) செய்து நீட்டிய பகுதியை மெம்செட்டால் (memset, இடத்தை ஒரே மதிப்பால் நிரப்புவது) நீங்களேதான் துடைக்க வேண்டும்.